சிறுவர் ரேஸ் கார்ட் செயின்: கேள்வி பதில்

8 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகள் ஓட்டும் கோ-கார்ட்களின் செயின் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி சொல்லாத வரை எல்லா அளவும் 219 என்ற வகைச் செயினுக்கானது. அதில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 7.774 மி.மீ. செயினில் கை வைக்கும் முன் இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கேள்வி: மகளுக்கு 10 வயது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஐந்தாறு சுற்று போனதும் செயின் கழன்றுவிடுகிறது. செயினும் புதுசு, இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் புதுசு. நன்றாக இறுக்கியும் பார்த்துவிட்டேன் சார்.

இறுக்கியதை முதலில் தளர்த்துங்கள். செயின் கழல்வதற்கு லூஸ் ஒரு காரணம்தான். புது செயின், புது ஸ்ப்ராக்கெட் போட்ட பிறகும் கழல்கிறது என்றால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை, இல்லையென்றால் ஓடும்போது ஏதோ நகர்கிறது.

கார்ட்டை ஸ்டாண்டில் ஏற்றுங்கள், பிளக் கேப்பைக் கழற்றுங்கள். வளையாத இரும்பு ஸ்கேல் ஒன்றை, பின் சக்கர அச்சான ஆக்சிலில் இருக்கும் பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பக்கவாட்டு முகத்தில், இரண்டு ஓரமும் ஒட்டுகிற மாதிரி வைத்து, இன்ஜினில் இருக்கும் சின்ன ஸ்ப்ராக்கெட் வரை நீட்டுங்கள். இரண்டு பல்லும் ஒரே தடிமன் என்றால் ஸ்கேல் சின்ன ஸ்ப்ராக்கெட்டின் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் ஒன்றுபோலத் தொட வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு இடைவெளி இருந்தால் பெரிய ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்திருக்கும் கேரியரை ஆக்சிலில் அந்த அளவு நகர்த்தினால் போதும். ஒரு ஓரத்தில் தொட்டு, மறு ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் இன்ஜினே கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கேரியரை நகர்த்திப் பயனில்லை. மவுன்ட்டைத் தளர்த்தி இன்ஜினைத் திருப்ப வேண்டும்.

அடுத்து, பெரிய ஸ்ப்ராக்கெட் சுற்றும்போது பக்கவாட்டில் ஆடும் ஆட்டம். ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை சேசிஸில் கட்டி, அதன் நுனி பெரிய ஸ்ப்ராக்கெட்டின் பக்கத்தை உரசும் அளவுக்கு வெட்டுங்கள். ஆக்சிலைக் கையால் மெல்லச் சுற்றினால் நுனிக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்குத் தெரியும். கூடிக் குறைகிறதா? ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி, அதே கேரியரில் அரைச் சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள். ஆட்டம் ஸ்ப்ராக்கெட்டோடு சேர்ந்து இடம் மாறினால் ஸ்ப்ராக்கெட் வளைந்திருக்கிறது. பழைய இடத்திலேயே நின்றால் கேரியர் அல்லது ஆக்சில். டை நுனியை ஆக்சிலின் மேலேயே வைத்துச் சுற்றினால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். இரண்டு பாதியாக வரும் ஸ்ப்ராக்கெட் என்றால், பாதிகள் சேரும் இடத்தில் மண் துகள் சிக்கியிருந்தாலே ஆட்டம் வரும். முதலில் அதைத் துடையுங்கள்.

கடைசியாக, மவுன்ட் கிளாம்ப் சேசிஸ் குழாயோடு சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டம் முடிந்து வந்ததும் கோடு விலகியிருந்தால் இன்ஜின் நகர்கிறது. கிளாம்பையும் குழாயையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே போல்ட்டை ஒரேயடியாக முறுக்கினால், முறுக்கும்போதே இன்ஜின் திரும்பிவிடும். முறுக்கி முடித்த பிறகு நேர்கோட்டையும் தொய்வையும் இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: செயின் எவ்வளவு லூஸாக இருக்க வேண்டும்?

இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், மேலும் கீழும் சேர்த்து 15 மி.மீ. அசைவு. 12-க்குக் குறையக்கூடாது, 20-ஐத் தாண்டக்கூடாது. ஒரு இடத்தில் மட்டும் அளந்துவிட்டு விடாதீர்கள். ஆக்சிலைச் சுற்றிக்கொண்டே நாலைந்து இடத்தில் அளந்து, இருப்பதிலேயே இறுக்கமான இடத்தில் 12 இருக்கும்படி வையுங்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு 14 வயது. பிரேக் போடும்போது மட்டும் செயின் விழுகிறது. வேகம் எடுக்கும்போது ஒன்றும் ஆவதில்லை.

நல்ல கவனிப்பு தம்பி. இன்ஜின் இழுக்கும்போது செயினின் மேல்பக்கம் விறைப்பாக இருக்கும், கீழ்பக்கம் தொய்யும். காலை எடுத்து பிரேக் மிதித்ததும் இது தலைகீழாகும்: மேல்பக்கம் திடீரென்று தொய்ந்து, சின்ன ஸ்ப்ராக்கெட்டின் மேல் ஏறும் இடத்தில் துள்ளும். பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் அந்த உதறல் இன்னும் பலமாக இருக்கும். தொய்வு 20-ஐத் தாண்டியிருக்கிறதா, சின்ன ஸ்ப்ராக்கெட்டின் பல் கொக்கி மாதிரி சாய்ந்திருக்கிறதா, இந்த இரண்டையும் முதலில் பார். மூன்றாவது, இறுகிப்போன லிங்க். கையால் மெல்லச் சுற்றும்போது சின்ன ஸ்ப்ராக்கெட்டை விட்டு வெளியே வரும் லிங்க் ஒன்று நேராகாமல் மடங்கியபடியே நிற்கும். செயின் கட்டரால் பின்னை ஏற்றும்போது பக்கத்துத் தகடுகள் நெருங்கிவிட்டால் இப்படி ஆகும். அந்த லிங்கைப் பக்கவாட்டில் லேசாக இப்படியும் அப்படியும் வளைத்தால் விட்டுக்கொடுக்கும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய், பிளக் கேப் கழற்றியிருக்க வேண்டும்.

கேள்வி: செயின் தேய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை ரேஸுக்கு ஒரு முறை மாற்றுவது?

ரேஸ் கணக்கு வேண்டாம், அளந்து பாருங்கள். செயினைக் கழற்றித் துடைத்து, மேசையில் இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 40 லிங்க் தள்ளியிருக்கும் பின்னின் நடு வரை அளங்கள். புதுசில் 311 மி.மீ. 314 ஆகிவிட்டால் 1% நீண்டுவிட்டது. பிள்ளை ஓட்டும் வண்டியில் அதற்கு மேல் அந்தச் செயின் வேண்டாம். சின்ன ஸ்ப்ராக்கெட்டையும் கூடவே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புது செயின் சீக்கிரமே கெட்டுவிடும்.

கேள்வி: எங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக், 35 செயின். தொய்வு எவ்வளவு?

மேலே சொன்னதேதான், 20-க்குப் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வண்டியில் சின்ன ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்திருக்கும் கிளட்ச் டிரம்மையும் பாருங்கள். டிரம்மைப் பிடித்து உள்ளும் வெளியும் அசைத்தால் அதிகம் நகர்கிறது என்றால், நீங்கள் பார்த்து வைத்த நேர்கோடு ஓடும்போது நிற்காது. டிரம் புஷ்ஷுக்கு ஓட்டத்துக்கு முன் ஒன்றிரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கிளட்ச் ஷூவில் பட்டால் வழுக்கும்.

கேள்வி: கிளிப் போட்ட லிங்க் ஓட்டத்தில் கழன்று செயின் பறந்துவிட்டது.

கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கத்தில் நின்று பார்த்தால் மூடிய முனை முன்னால் இருக்கும். ஒரு முறை கழற்றிய கிளிப்பை மறுபடி போடாதீர்கள். செயினை மூடும் கார்டு (guard) இல்லாமல் பிள்ளையை ஒரு சுற்றுகூட அனுப்பாதீர்கள்.

கேள்வி: சின்ன ஸ்ப்ராக்கெட்டில் 10 பல், பெரியதில் 70 பல், அதாவது 10/70 போட்டிருக்கிறோம். 12/84-ம் அதே விகிதம்தானே? எதற்குப் பெரிய ஸ்ப்ராக்கெட் வாங்க வேண்டும்?

விகிதம் ஒன்றுதான், 7.0. ஆனால் செயினுக்கு இரண்டும் ஒன்றல்ல. 10 பல்லில் ஒவ்வொரு லிங்கும் 36 டிகிரி மடங்க வேண்டும், 12 பல்லில் 30 டிகிரி போதும். 10 பல்லில் ஒவ்வொரு பல்லுக்கும் செயினின் வேகம் ஏறத்தாழ 5% கூடிக் குறையும், 12 பல்லில் 3.4% தான். அதே முறுக்குவிசைக்கு செயின் மீது விழும் இழுவையும் சுமார் 16% குறையும்.

கேள்வி (வேறொருவர்): இதை ஒத்துக்கொள்ள முடியாது. 12 போட்டால் செயினின் வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் செயின் வெளியே வீசப்படும், எண்ணெயும் நிற்காது.

வேகம் கூடுவது உண்மை. இன்ஜின் 12,000 சுற்றில் ஓடும்போது 10 பல்லில் செயின் நொடிக்கு 15.5 மீட்டர், 12 பல்லில் 18.7 மீட்டர் ஓடும். வீச்சு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், எண்ணெயும் கூடுதலாகச் சிதறும். அதனால் 12 போட்டவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எண்ணெய் போட வேண்டும். ஆனாலும் செயினைத் தின்பது மடங்கலும் இழுவையும்தான். 10 பல் ஸ்ப்ராக்கெட் சீக்கிரம் கொக்கியாவது இதனால்தான்.

கேள்வி (அதே நபர்): 84 பல் தரையில் இடிக்காதா? டிராக் ஓரத்து மேடான கெர்பில் ஏறினால் போச்சு.

இது வலுவான வாதம். 70 பல்லை விட 84 பல் ஏறத்தாழ 17 மி.மீ. கீழே இறங்கும். கெர்பில் ஏறி ஓட்டும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். ஒரு பல் வளைந்தாலே செயின் கழலும். ஆகவே 11/77 போடுங்கள். இறக்கம் பாதிதான், மடங்கல் 33 டிகிரிக்குக் கீழே. இன்னொரு லாபமும் உண்டு. செயினில் உள் லிங்கும் வெளி லிங்கும் மாறி மாறி வருவதால் லிங்க் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. 10, 12 மாதிரி இரட்டைப்படைப் பல் போட்டால் ஒரு பல்லுக்கு எப்போதும் ஒரே வகை லிங்க்தான் வந்து உட்காரும், தேய்மானம் ஒன்றுவிட்டு ஒன்றாக விழும். 11 பல்லில் இரண்டு வகையும் மாறி மாறி உட்காரும். ஆனால் 11 பல்லோடு 110 லிங்க் செயின் மட்டும் வேண்டாம். 10 சுற்றுக்கு ஒரு முறை அதே பல்லுக்கு அதே லிங்க் வந்து நிற்கும். 106, 108 சரி. வாங்கும் முன் உங்கள் வகுப்பு விதியைப் படியுங்கள். சில வகுப்புகளில் பல் எண்ணிக்கை விதியிலேயே கட்டப்பட்டிருக்கும்.

கேள்வி: பெரிய ஸ்ப்ராக்கெட்டில் 2 பல் கூட்டினால் செயினையும் நீட்ட வேண்டுமா?

வேண்டாம். அதே செயினில் இன்ஜின் ஆக்சில் பக்கம் சுமார் 5 மி.மீ. நகரும். மவுன்ட்டில் அந்த இடம் இல்லையென்றால் மட்டும் 2 லிங்க் சேருங்கள். அது இன்ஜினை 8 மி.மீ. அளவுக்கு முன்னால் தள்ளும். நேர்கோட்டை மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: பெட்ரோலில் கழுவலாமா?

கூடாது. தீ அபாயம், ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயின் என்றால் ரிங்கும் கெடும். மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். துடைத்துக் காயவிட்டு, செயின் லூப்ரிகன்ட்டை உள்பக்கத்தில் தகடுகளுக்கு நடுவே போடுங்கள். ஓட்டம் முடிந்து செயின் சூடாக இருக்கும்போதே போட்டால் பின்னுக்குள் இறங்கும். பிரேக் டிஸ்க்கை அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயின் எவ்வளவு லூஸ் வைக்கலாம் சார்?

இரண்டு முறை சொல்லிவிட்டேன். 15 மி.மீ., இறுக்கமான இடத்தில் 12.

கேள்வி: நடு வேகத்தில் இன்ஜின் திணறுகிறது. செயின் காரணமா?

இல்லை. கார்புரேட்டர் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்டாண்டில் இன்ஜினை ஓடவிட்டு, ஓடும் செயினில் துணியால் எண்ணெய் தடவினால் எல்லா லிங்கிலும் சமமாகப் படுகிறது. தப்பா?

தப்பு. இன்றே நிறுத்துங்கள். துணியின் ஒரு நூல் பல்லில் மாட்டினால் போதும், கையை எடுக்கும் முன் விரல் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளை நாளைக்கு அதையே செய்யும். இன்ஜினை நிறுத்துங்கள், பிளக் கேப்பைக் கழற்றுங்கள், ஒரு கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே மறு கையால் ஸ்ப்ரே அடியுங்கள். ஸ்ப்ரே அடிக்கும் கை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

கேள்வி: செயின் ரொம்ப இறுக்கமாக இருந்தால் என்ன ஆகும்?

செயின் சூடாகும். ஆக்சில் பேரிங், கிராங்க் பேரிங் இரண்டின் மீதும் தேவையில்லாத சுமை ஏறும். வளைவில் சேசிஸ் முறுக்கி ஆக்சில் வளையும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே தூரம் மாறும். அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த 12 மி.மீ. ஓட்டம் முடிந்ததும் செயின் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கிறது என்றால், இறுக்கத்தையும் நேர்கோட்டையும் பார்க்காமல் அடுத்த ஓட்டத்துக்கு விடாதீர்கள்.