கணினி கேள்வி–பதில்: பெயர் புரியவில்லை, நீக்கிவிடலாமா?

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது 128 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. ஆப்ஸ் பட்டியலில் ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்’ என்று 2005-லிருந்து வரிசையாக 11 இருக்கின்றன. கடைசியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் தூக்கிவிடலாமா? – கோவை வாசகி

பதில்: வேண்டாம். ஒன்றே பதினொரு தடவை ஏறிவிட்டது போலத் தெரியும், அப்படியில்லை. சி++ மொழியில் எழுதிய பல மென்பொருள்கள் அன்றாடம் தேவைப்படும் நிரல்களைத் தாங்களே சுமந்து வருவதில்லை. இந்தப் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. 2008 பதிப்பை நம்பி எழுதிய மென்பொருள் 2008-ஐத்தான் தேடும். பக்கத்திலேயே 2010 இருந்தாலும் சீண்டாது. 2015-லிருந்துதான் இந்தக் கூத்து குறைந்தது. 2015, 2017, 2019, 2022 நான்கும் ஒரே குடும்பம், புதியது ஏறினால் பழையதன் வேலையையும் அதுவே பார்த்துவிடும்.

ஒவ்வொரு ஆண்டுக்கும் எக்ஸ்86, எக்ஸ்64 என்று ஜோடி இருப்பதும் பிழையல்ல. உங்கள் விண்டோஸ் 64 பிட் ஆக இருந்தாலும், அதில் ஓடும் பழைய 32 பிட் மென்பொருளுக்கு எக்ஸ்86 வேண்டும்.

ஏற்கெனவே ஒன்றிரண்டை நீக்கிவிட்டிருந்தால், ஏதோ ஒரு மென்பொருள் திறக்கும்போது ‘எம்எஸ்விசிபி140.டிஎல்எல் காணவில்லை’ என்பது போல ஒரு செய்தி வரும். அந்த எண்ணைக் கவனியுங்கள். 100 என்றால் 2010 பதிப்பு, 110 என்றால் 2012, 120 என்றால் 2013, 140 என்றால் 2015–2022 குடும்பம். உரியதை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்து, எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையுமே போடுங்கள். அந்த ஒற்றை டிஎல்எல் கோப்பை மட்டும் ஏதாவது ஊர்பேர் தெரியாத தளத்தில் இறக்கி விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போடுவதுதான் பலர் செய்கிற அடுத்த தவறு. வைரஸ் வீட்டுக்குள் வர அது நல்ல வழி.

இவ்வளவுக்கும், ஒவ்வொன்றும் சில எம்பி, மிஞ்சினால் இருபது சொச்சம். 11-ஐயும் நீக்கினாலும் கால் ஜிபி தேறுவது சந்தேகம். இடம் போயிருப்பது வேறெங்கோ. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய்ப் பாருங்கள். அண்மையில் பெரிய அப்டேட் நடந்திருந்தால் ‘முந்தைய விண்டோஸ்’ என ஒரு வரி பல ஜிபியோடு உட்கார்ந்திருக்கும். வழக்கமாக 10 நாளில் தானே போய்விடும். அதற்கு முன்பே நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது. அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒன்று வரும். அது உங்கள் சொந்தக் கோப்புகள்; டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ஹைபர்நேட் கோப்பு, அதாவது கணினி அணையும் முன் திறந்திருக்கும் வேலையை எழுதிவைக்கும் இடம். ராமின் 40 சதவீத அளவுக்கு விண்டோஸ் இதை ஒதுக்கி வைக்கும். 8 ஜிபி ராம் என்றால் 3 ஜிபிக்கு மேல். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் அந்த இடம் உடனே திரும்பும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து நின்றுவிடும், அதனால் கம்ப்யூட்டர் எழ இன்னும் சில நொடி ஆகலாம். டெஸ்க்டாப் என்றால் தாராளமாகச் செய்யலாம். லேப்டாப்பில் நான் யோசிப்பேன்: தூக்கத்தில் இருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் திறந்திருந்த வேலையைக் காப்பாற்றுவது அந்தக் கோப்புதான்.

கேள்வி: விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்று ஒன்று 12 ஜிபி காட்டுகிறது. அழித்தால் என்ன ஆகும்? – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: முதலில் அந்த 12-ஐ அப்படியே நம்ப வேண்டாம். விண்டோஸின் உறுப்புகள் எல்லாம் சேர்ந்திருக்கும் களஞ்சியம் அது. அங்குள்ள பல கோப்புகள் சிஸ்டம்32-லும் தெரியும், ஆனால் டிஸ்கில் இருப்பது ஒரு பிரதிதான். ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் என்று வையுங்கள். எக்ஸ்ப்ளோரர் பெயரை எண்ணுகிறது, அதனால் ஒரே இடத்தை இரண்டு கணக்கில் எழுதுகிறது.

கையால் அழிக்கப் போனால் அனுமதி இல்லை என்றுதான் வரும். உரிமையை மாற்றிக்கொண்டு வலுக்கட்டாயமாக அழித்தால் அப்டேட்கள் தோற்கத் தொடங்கும், சில சமயம் விண்டோஸே எழாது. முறையான வழி: ஸ்டார்ட்டில் ‘டிஸ்க் கிளீனப்’ என்று தேடித் திறந்து, ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ பொத்தானை அழுத்தி, ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’புக்கு டிக் போடுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் வெகுநேரம் ஓடும். பாதியில் ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

கேள்வி: டாஸ்க் மேனேஜரில் ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்று ஐம்பது அறுபது ஓடுகின்றன. வைரஸா? – திருச்சி வாசகர்

பதில்: பெரும்பாலும் இல்லை. பின்னணியில் ஓடும் விண்டோஸின் வேலைகளான சர்வீஸ்களைச் சுமக்கும் வண்டிதான் எஸ்விசிஹோஸ்ட். முன்பெல்லாம் பல சர்வீஸ்களை ஒரே எஸ்விசிஹோஸ்டில் கூட்டமாக ஏற்றிவிடுவார்கள். ஒன்று கவிழ்ந்தால் கூட இருந்ததும் கவிழும். 2017-ல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி வண்டி. எண்ணிக்கை கூடியது அதனால்தான்.

சந்தேகம் தீர, ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். சிஸ்டம்32 திறந்தால் நிம்மதி. எப்போதாவது சிஸ்வாவ்64 வரலாம், அதுவும் விண்டோஸின் ஃபோல்டர்தான். டெம்ப், டவுன்லோட்ஸ், யூசர்ஸ் என்று வேறெங்காவது போனாலோ, பெயரில் ‘வி’யும் ‘சி’யும் இடம் மாறியிருந்தாலோ ஆன்டிவைரஸைக் கொண்டு முழு ஸ்கேன் செய்யுங்கள். ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்துச் சோதிக்க வேண்டாம். சிலவற்றை நிறுத்தினால் கணினி அங்கேயே படுத்து, மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

2002-ல் உலகம் முழுக்க ஒரு மின்னஞ்சல் சுற்றியது. ‘ஜேடிபிஜிஎம்ஜிஆர்’ என்ற கோப்பு ஆன்டிவைரஸுக்கும் சிக்காத வைரஸ், உடனே அழித்துவிட்டு எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று. தேடிப் பார்த்தால் அந்தக் கோப்பு நிஜமாகவே இருக்கும், கரடிப் பொம்மை ஐகானோடு! பலர் அழித்தார்கள். அது விண்டோஸுடன் வந்த ஜாவா கருவி ஒன்றின் கோப்பு. பொம்மையைத் தவிர அதில் விசேஷம் எதுவுமில்லை.

கேள்வி: வாங்கும்போதே வந்த விளையாட்டுகள், எக்ஸ்பாக்ஸ் எல்லாம்? – மதுரை வாசகி

பதில்: நீக்குங்கள். வேண்டுமென்றால் ஸ்டோரிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதனாலேயே ஸ்டோரை மட்டும் தொடாதீர்கள். வீட்டில் பிள்ளைகள் கேம் ஆடுவார்கள் என்றால் எக்ஸ்பாக்ஸ் கேம் பாரையும் விட்டுவையுங்கள். அது இல்லாவிட்டால் சில கேம்கள் திறக்கும்போது ‘இந்த லிங்கைத் திறக்க ஆப் வேண்டும்’ என்று ஒரு பெட்டி வந்து நச்சரிக்கும்.

கேள்வி: ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ இருந்தது. தேவையில்லை என்று நீக்கினேன். இப்போது பழைய வேர்டு கோப்புகளில் பக்கங்கள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கின்றன. – தஞ்சாவூர் வாசகர்

பதில்: லதா, விஜயா இரண்டு எழுத்துருக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. உங்கள் கோப்புகள் லதாவில் தட்டியவையாக இருக்க வேண்டும். அது போனதும் வேர்டு நிர்மலா போல வேறொன்றை வைத்து ஒப்பேற்றுகிறது. எழுத்தின் அகலம் வேறு, அதனால் வரி உடைகிற இடம் மாறி, பக்கமும் நகர்ந்துவிடுகிறது. எழுத்துருப் பெட்டியில் மட்டும் ‘லதா’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த நிலையில் பக்கங்களைத் திருத்தி அடுக்கிச் சேமித்துவிடாதீர்கள். செட்டிங்ஸில் அதே ஆப்ஷனல் ஃபீச்சர்ஸுக்குப் போய் மறுபடி சேருங்கள். நெட் இணைப்பு வேண்டும். வேர்டை மூடித் திறந்தால் பக்கங்கள் பழையபடி வந்துவிடும்.