குளிக்கும்போது மட்டும் கீழ்வீட்டில் ஒழுகினால்

டைல்ஸை இப்போதே உடைக்க வேண்டாம். மலேசியாவின் செராஸில் உள்ள உங்கள் அடுக்குமாடியில், குளித்தால் மட்டும் கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் படர்கிறது என்கிறீர்கள். எப்போதும் தண்ணீர் நிற்கும் குழாயில் ஓட்டை என்றால் நாள் முழுக்கச் சொட்டும். ஆகவே பெரும்பாலும் குளியலறைத் தரைதான். தண்ணீர் வடியும் ஓட்டையைச் சுற்றிய சிமெண்டு பிடிப்பு விட்டிருக்கும். சல்லடை மூடியைத் தூக்கி விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். மணல்போல உதிர்ந்தால் அங்கேதான் சந்தேகம்.

உறுதி செய்ய, ஷவரைத் திறக்காமல் ஐந்தாறு வாளித் தண்ணீரைத் தரையில் மட்டும் ஊற்றுங்கள், சுவரில் படக்கூடாது. ஒழுகினால் தரை. ஒழுகாவிட்டால் சுவர் டைல்ஸ் இடுக்கு, அல்லது வால்விலிருந்து ஷவருக்கு ஏறும் உள்குழாய். ஷவரைத் திறந்தால்தான் அதில் தண்ணீர் ஏறும். ஈரம் இறங்க நேரமாகும், ஒரு நாள் பொறுத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

மேலே சிலிக்கான் பூசி ஏமாற வேண்டாம், சில மாதத்தில் திரும்ப வரும்.

அப்புறம், ஈரத்துக்குப் பக்கத்தில் விளக்கு இருந்தால் கீழ்வீட்டார் அந்த இணைப்பை மெயின் பெட்டியிலேயே இன்றே அணைக்கட்டும். நிர்வாக அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுங்கள்; 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதிமுறைப்படி 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.