ஏஞ்சல் தீவு குடியேற்ற நிலையம்: கேட்டவையும் சொன்னவையும்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, மேற்குக் கரையின் எல்லிஸ் தீவுதானே இது?

பதில்: அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. கிழக்குக் கரையில், நியூயார்க்கில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவில் பெரும்பாலோர் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள், திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். 1910 முதல் 1940 வரை இயங்கிய ஏஞ்சல் தீவின் முக்கிய வேலையே 1882-இன் சீனர் விலக்குச் சட்டத்தை அமல்படுத்துவது. ஐரோப்பியர்களுக்குப் பெரும்பாலும் கப்பலிலேயே சோதனை முடிந்துவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களில் சீனர்களே அதிகம்.

கேள்வி: ‘காகித மகன்’ என்று படித்தேன். யார் அவர்கள்?

பதில்: சீனத் தொழிலாளிக்குத்தான் தடை, அமெரிக்கக் குடிமகனின் பிள்ளைக்கு இல்லை. 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் நகரின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோக, பல சீனர்கள் ‘நான் இங்கேதான் பிறந்தேன்’ என்றார்கள், மறுக்க ஆவணம் கிடையாது. அப்படிக் குடிமகன் ஆனவர் சீனாவில் உள்ள ஊருக்குப் போய்த் திரும்பும்போது அங்கே ஒரு மகன் பிறந்ததாகப் பதிந்துவிட்டு, அந்த இடத்தை வேறு வீட்டுப் பையனுக்கு விற்றுவிடுவார். காகிதத்தில் மட்டும் மகனான அந்தப் பையன்தான் ‘காகித மகன்’.

அதிகாரிகள் என்ன, ஏமாளிகளா? பையனைத் தனியாக உட்காரவைத்துத் துருவுவார்கள். வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசி வைக்கும் இடம் எது? உங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார்? அப்பாவிடமும் இதையே கேட்டு ஒப்பிடுவார்கள். இதற்கென்றே எழுதி விற்ற கேள்வி பதில் குறிப்புகளைப் பையன்கள் கப்பலில் உருப்போட்டு, கரை வருமுன் கடலில் வீசிவிடுவார்கள். இதில் கொடுமை, சொந்த மகனே பதில் தவறிச் சிக்கிக்கொள்வதும் உண்டு. உங்கள் பாட்டி வீட்டுக்கு எத்தனை படி, சொல்லுங்கள் பார்ப்போம்!

கேள்வி: சார், நம் நாட்டவர் வந்தார்களா?

பதில்: வந்தார்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள். குடலில் கொக்கிப்புழு இருக்கிறது, அரசுக்குச் சுமையாகிவிடுவார் என்று ஏதாவது சொல்லி ஏராளமானோரைத் திருப்பி அனுப்பினார்கள். 1915-இல் பெஷாவரிலிருந்து மனைவி, மூன்று மகன்களோடு வந்த வைஷ்ணோ தாஸ் பகாய் கையில் 25,000 டாலர் இருந்தது, அதனால் சீக்கிரமே விட்டார்கள். 1917 சட்டம் இந்தியத் தொழிலாளர்களுக்குக் கதவையே சாத்திவிட்டது.

கேள்வி: சுவரில் கவிதை எழுதினார்களாமே, உண்மையா?

பதில்: எழுதியது மட்டுமல்ல, மரச்சுவரில் செதுக்கியும் வைத்தார்கள். நிர்வாகம் அதைக் கிறுக்கல் என்று நினைத்து மக்கு அடைத்துப் பெயின்ட் அடிக்க, அந்தப் பூச்சே பலவற்றைக் காப்பாற்றிவிட்டது. இடிக்கவிருந்த கட்டடத்தில் 1970-இல் அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் அவற்றைக் கவனித்தார், சீன அமெரிக்கர்கள் போராடி இடிப்பை நிறுத்தினார்கள். இன்று இருநூறுக்கு மேல் கவிதைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. பெண்கள் எழுதியது ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் அவர்கள் தங்கியிருந்த நிர்வாகக் கட்டடம் 1940 ஆகஸ்ட் தீயில் போய்விட்டது. நிலையத்தை மூடியதும் அந்தத் தீயால்தான். விலக்குச் சட்டம் போனது 1943-இல், அதுவும் போரில் சீனா கூட்டாளியாகிவிட்டதே என்பதற்காக.

கேள்வி: அந்த விசாரணைத் தாள்கள் இப்போது எங்கே?

பதில்: சான் புரூனோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். பேரப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள், சிலருக்குக் குடும்பத்தின் நிஜப் பெயரே அப்புறம்தான் தெரியவருகிறது.