பிள்ளை பிறந்த பிறகும் பிரஷர் மாத்திரை எதற்கு?

கேள்வி: வயது 29. ஒன்பதாம் மாதத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதமும் போனதால் சிசேரியன் செய்தார்கள். குழந்தைக்கு மூன்று வாரம் ஆகிறது. நிஃபெடிபின் சாப்பிடுகிறேன், பிரஷர் 138/88. "அதான் பிள்ளை பிறந்தாச்சே, மாத்திரை பாலில் இறங்கும், நிறுத்து" என்கிறார் மாமியார். நிறுத்தலாமா? என் இதயம் பழையபடி ஆகுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். இப்போதைய 138/88 மாத்திரையின் தயவில் வந்தது. நிஃபெடிபின் தாய்ப்பாலில் மிகக் கொஞ்சமே இறங்கும், குழந்தைக்குக் கெடுதல் இல்லை என்று அத்தையிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. அதைத் தள்ள இதயத் தசை சற்றுத் தடிக்கும், பிரசவத்துக்குப் பின் மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பும். பிரஷர் இருந்தவர்களுக்கு இந்தத் தடிப்பும் ரத்தக் குழாய்களின் விறைப்பும் சிலசமயம் அப்படியே தங்கிவிடுகின்றன. அதனால்தான் இந்த வாரங்கள் முக்கியம். ஆக்ஸ்ஃபோர்டில், மாத்திரையோடு வீடு திரும்பிய 220 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2023-ல் முடிவு வெளியானது. ஒரு பாதிப் பேர் வீட்டிலேயே தினமும் பிரஷர் பார்த்து அனுப்ப, மருத்துவர்கள் அதற்கேற்ப மாத்திரையைக் கூட்டிக் குறைத்தார்கள். ஒன்பது மாதம் கழித்து அவர்களுக்குப் பிரஷரின் கீழ் அளவு (உங்கள் 138/88-ல் 88 என்பது அது) மற்றவர்களைவிடச் சுமார் 6 புள்ளி குறைவு. ஸ்கேனில் இதயமும் நன்றாகத் தேறியிருந்தது.

ஆகவே நீங்களும் ஒரு பிரஷர் மெஷின் வாங்குங்கள். குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள். பால் கொடுத்துக்கொண்டே பார்த்தால் அளவு சரியாக வராது. எண்களை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை எப்போது குறைப்பது என்று அவர் சொல்வார். பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தேவையே இல்லாமல் போகும்.

அப்புறம் பத்தியச் சாப்பாடு. பூண்டுக் குழம்பு தாராளமாகச் சாப்பிடலாம். கருவாட்டை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், அதில் இருப்பது அவ்வளவு உப்பு.

160/110-ஐத் தொட்டாலோ, கடும் தலைவலி, கண் மங்கல், படுத்தால் மூச்சு முட்டுதல் வந்தாலோ ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். எல்லாம் சரியான பிறகும் வருடம் ஒருமுறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பாருங்கள். உங்களைப் போன்றவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த முறை கர்ப்பமானால் மூன்றாம் மாதத்திலேயே இந்தக் கதையை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், குறைந்த அளவு ஆஸ்பிரினை அப்போதே தொடங்குவார்.