40 நாள் கட்டிலில்... அப்பா பழையபடி ஆவாரா?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. குடல் அடைப்புக்கு ஆபரேஷன், அப்புறம் நுரையீரலில் தொற்று, ஐ.சி.யூ. என்று 40 நாளாக மருத்துவமனையில் இருக்கிறார். தானாக நடந்து உள்ளே போனவரை இப்போது நாற்காலியிலிருந்து எழுப்பவே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றார். என்னைத் தன் அக்கா என்று நினைத்துப் பேசினார். மூக்கில் இருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தார். இப்போது அந்த ஆர்ப்பாட்டம் இல்லை. எந்நேரமும் தூக்கம், கேட்டால் ஒரு வார்த்தை. 'மறதி நோய் வந்துவிட்டது' என்கிறான் அண்ணன். 'வீம்பு பிடிக்கிறார்' என்கிறார் அம்மா. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். பழைய அப்பா எனக்குத் திரும்பக் கிடைப்பாரா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

அண்ணன் சொல்வதையும் அம்மா சொல்வதையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். சுவரில் எறும்பு தெரிந்ததும், உங்களை அக்கா என்று நினைத்ததும், குழாயைப் பிடுங்கியதும் எனக்கு வேறொன்றைச் சொல்கின்றன. மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பார்கள். உடம்பு படும் பாட்டில் மூளை தடுமாறிப்போகும் நிலை இது. மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். டெலிரியம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும். காலையில் தெளிவாகப் பேசுகிறவர் பொழுது சாய்ந்ததும் வேறு ஆளாகிவிடுவார். 70 வயதைத் தாண்டி மருத்துவமனை வார்டில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. உங்கள் அப்பா அபூர்வமான ஆள் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது இப்போதைய அந்த அமைதிதான். சத்தம் போட்டால் நர்ஸ் ஓடி வருவார். பேசாமல் தூங்கிக்கொண்டிருந்தால் 'ரெஸ்ட் எடுக்கிறார்' என்று எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள். டெலிரியத்துக்கு இப்படி ஓசையில்லாத முகமும் உண்டு, அதிகமாகக் கவனத்திலிருந்து தப்புவதும் அதுதான். ஆகவே இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்: 'இது அப்பாவின் சுபாவம் இல்லை. முன்பு இப்படி இருந்தார், இந்தத் தேதியிலிருந்து இப்படி ஆனார்.' வார்டில் இருப்பவர்களுக்கு அவரை 40 நாளாகத்தான் தெரியும், உங்களுக்கு ஆயுள் முழுக்கத் தெரியும். நீங்கள் சொன்னால்தான் அவர்கள் காரணத்தைத் தேடுவார்கள். புதிதாக ஒரு தொற்று, ரத்தத்தில் உப்புச்சத்துக் குறைவு, சிறுநீர் கட்டிக்கொள்வது, நாள்கணக்கில் மலச்சிக்கல், அடங்காத வலி, சேர்த்த ஒரு தூக்க மாத்திரை என எதுவும் காரணமாக இருக்கலாம். பல காரணங்கள் சரிசெய்யக் கூடியவை.

சரி, திரும்பக் கிடைப்பாரா? பெரும்பாலானவர்களுக்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் மூளை தெளிந்துவிடுகிறது. சிலருக்கு மாதங்கள் ஆகும். சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை, அதையும் உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் இந்த நிலையில் வைத்து 'மறதி நோய்' என்று முத்திரை குத்துவது அவருக்குச் செய்யும் அநியாயம். சில மாதம் போகட்டும். அப்போதும் சந்தேகம் இருந்தால் பரிசோதிக்கலாம்.

அடுத்து கால்கள். வீம்பு என்று அம்மாவுக்குத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். 67 வயதையொட்டிய, எந்த நோயும் இல்லாத 11 பேரை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். 2007-ல் வெளிவந்த ஆய்வு அது. கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ சதை கரைந்திருந்தது, பத்தே நாளில். இளைஞர்களுக்கும் இதே கதிதான். 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், 20 வயது ஆண்கள் ஐந்து பேர் மூன்று வாரம் படுக்கையில் இருந்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரைச் சோதித்தபோது, 30 வருட முதுமை அவர்கள் உடல்திறனைக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. இவர்கள் எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். உங்கள் அப்பாவுக்கோ மேலே ஆபரேஷன், காய்ச்சல், சரியாகச் சாப்பிடாத வாரங்கள். 'எழுந்திருங்க' என்று அம்மா சொல்லும்போது அவருக்கு எழுந்திருக்க ஆசை இருக்கிறது, தூக்கி நிறுத்தத் தொடையில் சதைதான் இல்லை. அம்மாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். 40 நாளாக ஒழுங்கான தூக்கம் இல்லாமல் அலைகிற அவரும் பாவம்தான், அந்தக் கோபத்தில் பாதி அசதி.

சதையைப் போலக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் கரைகிறது. என் அம்மா ஒருமுறை 31 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். முதல் வாரம் முழுக்க, விடியற்காலை ஐந்து மணிக்குப் போர்வைக்குள்ளிருந்து இடது கை மட்டும் வெளியே நீளும், உள்ளங்கை மேலே பார்க்க. கண் திறக்க மாட்டார். ரத்தம் எடுக்க வருவார்கள் என்று அந்தக் கை காத்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜையில் இருக்கும் தண்ணீரைக் காட்டி, 'குடிக்கலாமா?' என்று என்னைக் கேட்பார். ஒரு வீட்டையே நிர்வாகம் செய்தவர்! எப்போது விழிப்பது, எதை உடுத்துவது, எப்போது சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் அடுத்தவர் தீர்மானித்து, தூக்கத்தை இரண்டு மணிக்கொரு முறை கலைத்து, ஒரு மாதம் கழிந்தால் மனிதர் அப்படி ஆகிவிடுகிறார். நான் அது புரியாமல், பாசத்தில் பித்தான் போடுவதிலிருந்து தலை வாருவது வரை எல்லாம் நானே செய்தேன். இன்றைக்கும் அதை நினைத்து வருந்துகிறேன். அவர் இன்னும் சீக்கிரம் தேறியிருப்பார்.

இந்த ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள். கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாம் பையில் தூங்கினால் எடுத்து மாட்டிவிடுங்கள். பார்வையும் காதும் மங்கினால் குழப்பம் கூடும். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரவிடுங்கள், ராத்திரி விளக்கையும் பேச்சையும் குறையுங்கள். இன்ன நாள், இன்ன இடம், நான் உன் மகள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். மறுபடி எறும்பு என்றால் வாதாடாதீர்கள். 'எனக்குத் தெரியலப்பா, ஆனா நான் பக்கத்துலதான் இருக்கேன்' என்றால் போதும். இதெல்லாம் பாட்டி வைத்தியம் போலத் தோன்றலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஷாரன் இனோயியின் குழு, கண்ணாடி, காது, தூக்கம், நீர், நடை, பேச்சுத்துணை என்று இப்படிப்பட்ட விஷயங்களை மட்டும் ஒழுங்காகக் கவனித்தது. 1999-ல் அதன் முடிவு வந்தது: வழக்கமான கவனிப்பில் 100-க்கு 15 பேருக்கு வந்த டெலிரியம், இவர்கள் பார்த்துக்கொண்டவர்களில் சுமார் 10 பேருக்குத்தான் வந்தது. வந்த பிறகு இது வராமல் காப்பதைப் போல எளிதில்லை, என்றாலும் இதே கவனிப்புதான் அப்போதும் அடிப்படை.

டாக்டரிடம் இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் இருந்தால், அது இன்றும் தேவையா? சாப்பாட்டைக் கட்டிலில் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி உண்டா? அப்புறம் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் உங்கள் கண்முன் செய்து காட்டட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஒன்றே பெரிய பயிற்சி. படுக்கையிலிருந்து எழும்போது சட்டென்று தலை சுற்றும், ஓரமாக உட்கார்ந்து கொஞ்சம் பொறுத்து நிற்கட்டும். புரதம் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டு, அந்த அளவைக் குறையாமல் கொடுங்கள். இழந்த சதை இழந்த வேகத்தில் திரும்பாது, மாதக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் ஜாக்கிரதை. ஏற்கெனவே இருந்த நோய்க்காக மட்டுமல்ல, விழுந்து அடிபட்டு, வேறு தொற்று வந்து என்று மறுபடி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் நிறைய. ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால், திடீரென்று குழப்பம் கூடினால், எழுப்ப முடியாத தூக்கமாக இருந்தால், காத்திருக்காமல் கூட்டிப்போங்கள்.

ஐ.சி.யூ.வில் கண்டதெல்லாம் அவருக்கு நிஜம். வீட்டிலும் அந்தக் கனவுகள் வரலாம். அவராக வாய் திறக்கும் நாளில் சிரிக்காமல் கேளுங்கள். அந்த 40 நாளில் என்ன நடந்தது, எந்த நாள் என்ன செய்தார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் இப்போதே எழுதி வையுங்கள். தனக்கு விடுபட்டுப்போன நாட்களை அவர் ஒருநாள் தேடுவார்.

டிஸ்சார்ஜ் அன்று அவருடைய சொந்தச் சட்டையும் பழகிய செருப்பும் கொண்டு போங்கள். முதல் பித்தானை அவரே போடட்டும். பத்து நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.