எத்தனை கிலோ ஈயம் கட்டணும்?

புதுச்சேரியில் டைவிங் சொல்லித் தர்றேன். டைவிங்ல போடுற ரப்பர் உடையான வெட்சூட் மிதக்கும், அதை ஈடுகட்டி அமிழத்தான் ஈயம் கட்டுறோம். வெட்சூட்டை மாத்துறவங்க எல்லாரும் கேட்கிறது ஈயத்தைப் பத்தித்தான். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்றேன்.

சார், ஷார்ட்டி (கை கால் குட்டையான வெட்சூட்) போட்டா எனக்கு 4 கிலோ சரியா இருக்கு. இப்ப 5 மி.மீ. முழு சூட் வாங்கியிருக்கேன். எவ்வளவு கூட்டணும்?

வீட்டுல பெரிய தண்ணி டிரம் இருக்கா? சூட்டைச் சுருட்டி ஒரு வலைப்பையில போட்டு, தண்ணிக்குள்ள அமுக்கிப் பிழிங்க. மடிப்புல சிக்கின காத்து குமிழ் குமிழா வந்து நிற்கணும். அப்புறம் ஈயக்கட்டிகளை ஒவ்வொண்ணா பையில போடுங்க. பை மெதுவா அமிழ ஆரம்பிக்கிற எடைதான் அந்தச் சூட்டோட மிதப்பு. ஷார்ட்டியையும் இதே மாதிரி அளந்து, வித்தியாசத்தை 4 கிலோவோட கூட்டுங்க. மி.மீ.க்கு இத்தனை கிலோன்னு சொல்ற கணக்கை நான் நம்புறதில்லை. சூட் செய்யுற நுரை ரப்பரான நியோபிரீன் புதுசா இருந்தா நல்லா மிதக்கும், நிறைய டைவ் பார்த்தது நசுங்கி மிதப்பை இழந்திருக்கும். அதனால வருஷம் ஒரு தடவையாவது அளந்துடுங்க.

தண்ணியில இறங்கும்போது சரியாத்தான் இருக்கு. கடைசியில, மேல வர்றதுக்கு முன்னாடி 5 மீட்டர் ஆழத்துல நிற்க முடியாம மேல போயிடறேன். ஏன் சார்?

நீங்க சுவாசிச்ச காத்துக்கும் எடை இருக்கும்மா. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர்ல 200 பார் (பார்ங்கிறது அழுத்த அளவு) காத்து ஏறக்குறைய 2.7 கிலோ. 50 பாருக்கு வரும்போது 2 கிலோ போயிருக்கும். முதல்ல லேசா அமிழ்ந்த சிலிண்டர் இப்ப உங்களை மேல இழுக்குது. அதனால சோதனையை டைவ் முடிவுல பண்ணுங்க: 50 பார், 5 மீட்டர், பிசிடியில (காத்து ஊதி மிதப்பைச் சரிபண்ற ஜாக்கெட்) துளி காத்து இல்லை, சாதாரண மூச்சு. அப்படியே அசையாம நிற்க முடிஞ்சா அதுதான் உங்க எடை. சூட், சிலிண்டர், கிலோ மூணையும் டைவ் குறிப்பு எழுதுற லாக் புத்தகத்துல எழுதிடுங்க.

அண்ணை, நான் திருகோணமலை. புறாத்தீவுப் பக்கம் ஆழமில்லாத இடத்தில சரியா நிக்கிறன். 30 மீட்டருக்குப் போனா கல்லு மாதிரி இறங்குறன். ஈயத்தைக் குறைக்கவோ?

குறைக்காதீங்க தம்பி, 5 மீட்டர்ல நிற்க அது வேணும். நியோபிரீனுக்குள்ள இருக்கிறது பொடிப்பொடி வாயுக் குமிழ்கள். 10 மீட்டர்ல அழுத்தம் 2 மடங்கு, 30 மீட்டர்ல 4 மடங்கு. சூட் நசுங்கி மிதப்பு போயிடும். தடிச்ச சூட்னா இழப்பும் அதிகம். இறங்க இறங்க பிசிடியில கொஞ்சம் கொஞ்சமா காத்து விடுங்க, ஏறும்போது முன்கூட்டியே வெளியேத்துங்க.

ஆனா 5 மீட்டர் சோதனையிலயே நீங்க அமிழ்ந்தா ஈயம் உண்மையிலேயே அதிகம், அப்ப குறைங்க. நான் கத்துக்கிட்ட நாள்ல 3 மி.மீ. சூட்டுக்கு 8 கிலோ கட்டிவிட்டாங்க. முட்டி மணல்ல இடிச்சு, தண்ணி கலங்கி, பிசிடியை ஊதி ஊதியே அரை மணியில காத்து தீர்ந்துச்சு. புதுசா வர்றவங்களுக்கு 'இன்னும் ரெண்டு கிலோ போடு'ன்னு சொல்றதைக் கேட்டா இன்னைக்கும் எனக்குக் கோபம் வரும்.

சுவிஸ்ல ஏரியில 7 மி.மீ. சூட், 12 லிட்டர் ஸ்டீல் சிலிண்டரோட டைவ் பண்ணப் போறேன். கடல் கணக்கு சரிப்படுமா?

சரிப்படாது. கடல் தண்ணி நல்ல தண்ணியை விட 2.5 சதவீதம் அடர்த்தி. நீங்களும் உபகரணமும் சேர்ந்து 100 கிலோன்னா ஏரியில 2.5 கிலோ குறையும். வழக்கமான 12 லிட்டர் ஸ்டீல் காலியானாலும் மிதக்காது, அதுக்கும் குறைக்கலாம். 7 மி.மீ. சூட் மட்டும் கூட்டச் சொல்லும். கரையோரத்துலயே சோதனை பண்ணிடுங்க. ஈயம் முழுசையும் கழட்ட முடியாத இடத்துல வைக்காதீங்க, அவசரத்துல ஒரு பகுதியை உடனே கழட்டிப் போட முடியணும்.

எடை சரி, ஆனா கால் மட்டும் மேல தூக்குது.

அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது அடிப்பக்கம் மிதக்கும், தடி பூட்ஸும் சேர்ந்துக்கும். இடுப்பு பெல்ட்ல இருந்து ஒரு கிலோவை எடுத்து, சிலிண்டரோட அடிப்பக்கத்துக்குக் கிட்ட ஒரு பட்டையில மாட்டிப் பாருங்க.