வரலாற்றில் இளங்கலை: கடைசி வருடத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

கேள்வி இதுதான்: "பள்ளிப் படிப்பு முடியப்போகிறது. வரலாற்றில் இளங்கலை சேருவது என்று முடிவு செய்துவிட்டேன். எந்தப் பாடங்களை எடுப்பது, எதை முதலில் படிப்பது, இந்த மூன்று நான்கு வருடத்தை வீணாக்காமல் எப்படித் திட்டமிடுவது?"

நானும் வரலாறுதான் படித்தேன். முதல் இரண்டு வருடம் என்னிடம் திட்டம் என்று எதுவும் கிடையாது. தலைப்பு பிடித்திருக்கிறதா, ஆசிரியர் நன்றாக நடத்துவாரா என்று மட்டும் பார்த்துப் பாடங்களை எடுத்தேன். உஸ்மானியப் பேரரசின் (இன்றைய துருக்கியை மையமாகக் கொண்டிருந்த ஒட்டோமான் பேரரசு) துறைமுகங்களில் நடந்த வணிகம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இறுதியாண்டில் அதைப் பற்றித்தான் எழுதுவது என்று இரண்டு வருடம் மனதுக்குள் வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நான் கேட்க நினைத்த கேள்விகளுக்கான விடை சுங்கப் பதிவுகளிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் இருந்தது. அவை இருந்த மொழி எனக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. கடைசியில் அதே துறைமுகங்களில் வியாபாரம் செய்த ஆங்கிலேய வணிகர்களின் கடிதங்களை வைத்து எழுதினேன். மதிப்பெண் வந்தது. ஆனால் அந்த ஊர் வியாபாரிகள் என் பக்கங்களில் வெறும் பெயர்களாகத்தான் வந்து போனார்கள், அதுவும் ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி சிதைந்த பெயர்களாக. அவர்கள் தரப்பு என் ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், திட்டத்தைக் கடைசி வருடத்திலிருந்து போடுங்கள். இங்கிலாந்தில் போல மூன்று வருடமோ, ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் போல நான்கு வருடமோ, பல வரலாற்றுத் துறைகளில் முடிவில் ஓர் ஆய்வேடு இருக்கும். சில இடங்களில் கட்டாயம், சில இடங்களில் விருப்பம். விருப்பம் என்றாலும் எடுத்துவிடுங்கள். மற்ற பாடங்களில் அடுத்தவர் எழுதிய வரலாற்றைப் படிக்கிறோம், அதில்தான் நாமே எழுதிப் பார்க்கிறோம். எதைப் பற்றி எழுத ஆசை, அதற்கான மூல ஆவணங்கள் எங்கே, எந்த மொழியில், எந்த எழுத்தில் இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டே வந்தால் முதல் வருடத்தில் என்ன எடுக்க வேண்டும் என்பது பாதி தானாகத் தெரிந்துவிடும்.

மொழி விஷயத்தை விரிவாகவே சொல்கிறேன். சேரும்போது என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. உஸ்மானியத் துருக்கிய மொழி அரபு எழுத்தில், அரபு, பாரசீகச் சொற்கள் நிறைய கலந்து எழுதப்பட்டது. துருக்கி 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டது. ஆகவே இன்றைய துருக்கிய மொழியை நன்றாகக் கற்றவர்கூடப் பழைய பதிவேடுகளை அப்படியே வாசித்துவிட முடியாது, தனிப் பயிற்சி வேண்டும். இடைக்கால மேற்கு ஐரோப்பா பிடிக்குமென்றால் லத்தீன். முகலாயர் நிர்வாகம் என்றால் பாரசீகம். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசியத் துறைமுகங்களைப் பற்றி ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் எழுதிக் குவித்த காகிதங்களைத் தொட வேண்டுமென்றால் டச்சு, கூடவே அந்தக் காலத்துக் கையெழுத்து. தமிழ் தெரிந்த நமக்குத் தமிழ்க் கல்வெட்டு சுலபம் என்று தோன்றும். ஆனால் பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நிற்கும். அதற்கும் உட்கார்ந்து பழகத்தான் வேண்டும்.

வாரம் நான்கைந்து மணி நேரம் விடாமல் ஒதுக்கினால், இரண்டு வருடத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எளிய உரைநடையை வாசிக்கலாம். எழுத்து முறையே புதிது என்றால் இன்னும் நாளாகும். மூன்றாம் வருடம் தேவைப்படுவதை முதல் செமஸ்டரிலேயே தொடங்க வேண்டும் என்பது இந்தக் கணக்கில்தான். எந்தக் காலம் பிடிக்கும் என்றே இன்னும் தெரியவில்லை என்றால், எந்த நிலப்பகுதி ஈர்க்கிறது என்பதை வைத்து ஒரு மொழியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மனம் மாறினாலும் அந்த உழைப்பு வீண்போகாது.

மொழி தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்பதற்கு 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லாவை நினைத்துக்கொள்ளுங்கள். 4ஆம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், பேரரசின் மேற்குப் பகுதியின் மீதான அதிகாரத்தைப் போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஓர் ஆவணம் பல நூற்றாண்டுகளாகக் காட்டப்பட்டுவந்தது. 1440இல் வல்லா அதன் லத்தீனை வரிவரியாக வாசித்தார். ரோமப் பெரிய மனிதர்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் 'சத்ரப்' என்று ஒரு சொல். அது பாரசீக ஆளுநர்களின் பட்டம். கான்ஸ்டன்டைனின் ரோமில் சத்ரப்புகளுக்கு என்ன வேலை என்று வல்லா கேட்டார். இப்படிப் பல சொற்களைப் பிடித்து, ஆவணம் போலி என்று காட்டினார். அது 8ஆம் நூற்றாண்டு வாக்கில் புனையப்பட்டது என்பதுதான் இன்று பொதுவாக ஏற்கப்படுகிற கருத்து. மொழிபெயர்ப்பில் மட்டும் படித்திருந்தால் அந்தச் சொல் கண்ணை உறுத்தியிருக்காது.

அடுத்தது, ஆய்வு முறை பற்றிய தாள். வரலாற்று வரைவியல் என்ற பெயரிலோ, வரலாற்று ஆய்வு நெறிகள் என்ற பெயரிலோ இருக்கும். வறட்சியான பாடம் என்று சீனியர்கள் பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். நான் அதைத் தள்ளித் தள்ளிப் போட்டேன், அதற்கு விலையும் கொடுத்தேன். ஆங்கிலேய வணிகர் கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கினேன் இல்லையா? இஸ்மிர் என்ற உஸ்மானியத் துறைமுகத்திலிருந்து ஒரு வணிகர், கம்பளித் துணி விற்கவில்லை, குறைத்து அனுப்புங்கள் என்று எழுதுகிறார். தேதி அக்டோபர் 1719. அளவைக் குறைக்கிறோம் என்று லண்டன் தலைமையிடம் எழுதிய கடிதத்தில் பிப்ரவரி 1719 என்று இருந்தது. பிப்ரவரி முன்னால், அக்டோபர் பின்னால். ஆகவே லண்டன்காரர்கள் தாங்களாகவே முடிவெடுத்தார்கள், இஸ்மிரில் இருந்தவர் பின்பாட்டு பாடினார் என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

வழிகாட்டி ஆசிரியர் வாசித்துவிட்டு, இங்கிலாந்தில் அப்போது புத்தாண்டு என்றைக்கு என்று மட்டும் கேட்டார். மார்ச் 25. 1752இல் ஜனவரி 1க்கு மாறும் வரை அங்கே சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே அவர்கள் 1719 பிப்ரவரி என்று எழுதியது நம் கணக்கில் 1720 பிப்ரவரி. லண்டன் கடிதம் பதில் கடிதம். துறைமுகத்தில் இருந்தவர் சொல்லித்தான் தலைமையிடம் கேட்டிருக்கிறது. என் அத்தியாயம் தலைகீழ். திருப்பி எழுத மூன்று வாரம் ஆயிற்று. நாட்காட்டி, எடை அளவு, நாணயம், கையெழுத்து என்று இந்த அடிப்படைகளைச் சொல்லித்தரும் தாளைத்தான் நான் வறட்சி என்று ஒதுக்கியிருந்தேன்.

அந்தத் தாள் இன்னொன்றையும் தரும். ஒரே நிகழ்ச்சியைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது புரியும். முதல் உலகப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் 231ஆவது பிரிவு, இழப்புக்கும் சேதத்துக்கும் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்றது. ஜெர்மன் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் அதை மறுத்தே வந்தார்கள். 1961இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜெர்மானியரே தம் நாட்டு அரசு ஆவணங்களைத் தோண்டி, ஜெர்மன் தலைமையின் ஆதிக்க ஆசைக்குப் பெரும் பங்கு உண்டு என்று எழுதினார். அங்கே பெரிய சர்ச்சை வெடித்தது. பின்னால் வந்தவர்களில் சிலர் பொறுப்பை எல்லா வல்லரசுகளுக்கும் பங்கிட்டார்கள். பள்ளியில் "போருக்கான காரணங்கள் ஐந்து" என்று மனப்பாடம் செய்து வந்தவருக்கு இது முதலில் தலையைச் சுற்றும். சுற்றட்டும், அதற்காகத்தான் இந்தப் படிப்பு.

பாடத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் வருடம் அகலமாகப் போங்கள். பண்டைய காலம் ஒன்று, இடைக்காலம் ஒன்று, நவீன காலம் ஒன்று, அவற்றில் ஒன்றாவது உங்களுக்கு முற்றிலும் அந்நியமான நிலப்பகுதியாக இருக்கட்டும். இரண்டாம் வருடம் குறுக்கிக்கொண்டே வாருங்கள். துணைப்பாடம் எடுக்க வழியிருந்தால் பொருளாதாரம், புவியியல், தொல்லியல் மூன்றில் ஒன்று நல்லது. புள்ளியியலுக்குப் பயப்படாதீர்கள். விலைப் பட்டியலும் மக்கள்தொகைக் கணக்கும் எதிர்ப்படும்போது சராசரிக்கும் இடைநிலைக்கும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) வித்தியாசம் தெரியாமல் தடுமாறும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வேட்டுத் தலைப்பை இரண்டாம் வருட முடிவில் முடிவு செய்துவிடுவது நல்லது. எல்லாரும் பெரிதாக ஆரம்பிப்பார்கள். 1918இல் உலகெங்கும் பரவிய தொற்றுக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். "1918 காய்ச்சலின் தாக்கம்" என்பது தலைப்பே அல்ல, அது ஒரு நூலகம். "ஒரு குறிப்பிட்ட நாளிதழ் 1918 அக்டோபர் முதல் டிசம்பர் வரை காய்ச்சலைப் பற்றி எந்தப் பக்கத்தில், எவ்வளவு இடத்தில், யார் சொன்னதாக எழுதியது" என்பது தலைப்பு. அந்த மூன்று மாதத்தில் வந்த இதழ்களை ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் பார்த்துவிடலாம். அதிலிருந்து பெரிய கேள்விகள் தாமாக வரும். அப்போது முதல் உலகப் போரில் இருந்த நாடுகளில் தணிக்கை இருந்தது. நடுநிலை வகித்த ஸ்பெயினில் பத்திரிகைகள் வெளிப்படையாக எழுதின. அதனால்தான் அங்கே தொடங்கியதற்கு ஆதாரம் இல்லாதபோதும் அந்த நோய்க்கு ஸ்பானிஷ் காய்ச்சல் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, உங்கள் நாளிதழ் ஒரு வாரம் ஒன்றுமே எழுதவில்லை என்றால் அந்த மௌனமும் சான்றுதான். தலைப்பைப் பதிவு செய்யும் முன், அந்த இதழ்கள் உங்கள் கைக்கு எட்டுமா, ஸ்கேன் வாசிக்கிற மாதிரி இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பழக்கம், முதல் நாளிலிருந்தே வேண்டியது. குறிப்பு எடுக்கும்போது பக்க எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். ஆசிரியரின் வாக்கியம் எது, உங்கள் கருத்து எது என்று பிரித்துக் காட்டுங்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் கலந்து, உங்களுக்கே அடையாளம் தெரியாது. தெரியாமல் செய்தாலும் அது கருத்துத் திருட்டாகத்தான் கணக்காகும்.

வேலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள். பட்டம் மட்டும் எந்த வேலைக்கும் நேரடியாகக் கொண்டுபோய் விடாது, அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் பெரும்பாலான நாடுகளில் கல்வியியல் பயிற்சி தேவை, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் என்றால் அதற்கான மேற்படிப்பு, சட்டம் என்றால் சட்டம். குடிமைப் பணி, இதழியல், கொள்கை ஆய்வு போன்றவற்றுக்கு இந்தப் படிப்பில் வரும் பழக்கம் நன்றாகக் கைகொடுக்கும். முரண்பட்ட நூறு காகிதங்களைக் கொடுத்தால், எதை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்து, நான்கு பக்கத்தில் தெளிவாக எழுதித் தருவீர்கள். ஆனால் அடுத்த படி எது என்பதை இரண்டாம் வருடத்திலேயே தீர்மானித்து, விடுமுறையில் ஒரு காப்பகத்திலோ செய்தி நிறுவனத்திலோ சில வாரம் வேலை பார்த்துவிடுங்கள். கடைசி செமஸ்டரில் ஆய்வேடும் வேலைத் தேடலும் ஒன்றாக வந்து விழுந்தால் இரண்டும் கெடும்.

சேருவதற்கு முன் இரண்டு மூன்று துறைகளின் சிலபஸை எடுத்து வைத்து, மொழி கற்பிக்கிறார்களா, ஆய்வு முறைத் தாள் எந்த வருடத்தில் வருகிறது, ஆய்வேடு உண்டா என்று மட்டும் பாருங்கள். சேர்ந்த முதல் வாரமே, முந்தைய மாணவர்களின் ஆய்வேடுகளைப் பார்க்க முடியுமா என்று துறையில் கேளுங்கள். ஐந்தாறு எடுத்து, பின்னால் இருக்கும் சான்றுப் பட்டியலை மட்டும் புரட்டுங்கள். எந்த மொழி, எந்தக் காப்பகம், எத்தனை ஆவணம் என்று அதில் இருக்கும். நான் அதைப் பார்த்திருந்தால் முதல் செமஸ்டரிலேயே உஸ்மானியத் துருக்கிய எழுத்தைக் கற்கத் தொடங்கியிருப்பேன். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் கூட்டிக் கூட்டி வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் முதல் தடவையாக ஒரு சுங்கப் பதிவில் ஒரு வரி முழுதாகப் புரிந்தது. ஒரு வியாபாரியின் பெயர், எத்தனை மூட்டை பருத்தி, கட்டிய வரி எவ்வளவு.